விலாங்கு: ஒரு மீன்பெயரின் வரலாறு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துக் காண்பது நம் இலக்கண வகுப்புகளில் மாணவர் முதலில் பெறும் பயிற்சிகளுள் ஒன்று. நாற்காலி காரணப்பெயர், நான்கு கால்கள் உடைமையால் அப்பெயர் பெற்றது. மண், மரம் ஆகியன இடுகுறிப்பெயர்கள். இந்த எடுத்துக்காட்டுகளில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால், மாணவர் ஒருவர் எழுந்து, "விலாங்கு என்பது இடுகுறிப்பெயரா, காரணப்பெயரா?" என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக வராது. அவ்வினாவை முன்னிறுத்தி ஒரு மீன்பெயரின் வரலாற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சிறிய வினாதானே என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. சொற்பிறப்பு என்னும் துறையில் தமிழர்க்கு ஆர்வம் மிகுதி. அந்த ஆர்வம் நல்லதே. ஆயினும், ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதனோடு ஒலியால் ஒத்த வேறொரு சொல்லைத் தேடிப் பிடித்து, இரண்டையும் ஒரு கதையால் இணைத்து, அதனையே வரலாறு என்று வகுப்பறையில் கூறிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆசிரியர் கூறியதை மாணவர் நம்புகின்றனர். அவர் பின்னாளில் ஆசிரியராகி அதனையே கூறுகின்றார். பிழையான ஒரு பிறப்புக் கதை இவ்வாறு இரண்டு தலைமுறைகளைக் கடந்துவிடுகிறது.

தொல்காப்பியர் இவ்வகையில் நமக்கு நல்ல வழிகாட்டி. சொல்லதிகாரத்தின் பெயரியலில், சொல் எதுவும் பொருள் குறியாமல் நிற்பதில்லை என்கிறார். உரியியலிலோ, ஒரு சொல்லுக்கு அப்பொருள் அமைந்த காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்று எச்சரிக்கின்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. அது விரைவில் தோன்றாது என்றே கூறினார். ஆகவே தேடலாம், ஆனால் பொறுமையோடு தேடவேண்டும்.

பெயருக்கு உரிய மீன்

பெயரை ஆராய்வதற்கு முன் அது எதனைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். விலாங்கு என்று தமிழர் வழங்குவது நீண்டு உருண்ட உடலும் வழுவழுப்பான தோலும் உடைய மீன். உயிரியலார் இதனை அங்குவில்லா என்னும் இனத்துள் அடக்குவர். இவ்வினத்தைச் சேர்ந்த இரண்டு வகைகள் தமிழகத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்கின்றன. இவை நன்னீரில் வளர்ந்து, முதிர்ந்த பின் கடலுக்குச் சென்று, அங்கே முட்டையிட்டு மடிகின்றன. கடலில் பிறந்த குஞ்சுகள் மீண்டும் ஆற்றுமுகம் தேடி வந்து, வாய்க்கால் வழியே ஏரிக்கும் வயலுக்கும் ஏறுகின்றன.

அங்குவில்லா என்னும் இலத்தீன் பெயர், பாம்பைக் குறிக்கும் அங்குவிஸ் என்னும் சொல்லோடு தொடர்புடையது. கன்னடத்தில் இத்தகைய மீனை ஹாவு மீனு, அதாவது பாம்பு மீன் என்பர். பாம்பை நினைத்தே பலரும் இம்மீனுக்குப் பெயரிட்டனர். தமிழரும் அவ்வொற்றுமையைக் கண்டவர்களே. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகின்றவன் என்று இரண்டு பக்கமும் நல்லவனாக நடிப்பவனைக் குறித்துக் கூறும் பழமொழி விலாங்கிலிருந்து பிறந்ததே. எனினும் விலாங்கு என்னும் பெயருள் பாம்பு இல்லை. பழமொழி ஒரு காட்சியைக் காட்டுகிறது. பெயர் வேறொன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது.

விலாங்கைப் போன்ற உருவம் உடைய பிற மீன்களும் உண்டு. அவற்றுள் ஆரல் தமிழ் இலக்கியத்தில் புகழ்பெற்றது. கூரிய மூக்கும், முதுகில் தனித்தனியே நிற்கும் முட்களின் வரிசையும் உடைய சிறுமீன் அது; மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும். தோற்றத்தால் விலாங்கை ஒத்திருப்பினும் உயிரியல் வகைப்பாட்டில் அது விலாங்கு அன்று. மலேசிய, சிங்கப்பூர் மாணவர் நன்கு அறிந்த பெலுட் என்பதும் அவ்வாறே. வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் அம்மீன் வேறு குடும்பத்தது. மலாய் மொழி இவற்றைப் பெயரால் நன்கு வேறுபடுத்துகிறது: வயலில் வாழ்வது பெலுட், முள் உடைய ஆரல் இனம் தீலான், கடலில் வாழும் பெரிய விலாங்கினம் மாலோங். ஆங்கிலத்தில் ஈல் என்னும் ஒரே சொல்லுக்கு முன் அடைமொழி சேர்த்து இவையனைத்தையும் வழங்குகின்றனர். ஆங்கில நூல் வழியே உயிரியல் படிக்கும் தமிழ் மாணவர், அவையனைத்தையும் விலாங்கு என்றே மொழிபெயர்த்துவிடுவது இயல்பு. அவ்வாறு செய்யும்போது தமிழும் மலாயும் காலங்காலமாகக் காத்து வந்த ஒரு வேறுபாடு மறைந்துபோகிறது.

அழகான இரு விளக்கங்கள்

விலாங்கு என்னும் பெயருக்கு விளக்கம் கூற முனைவோர்க்கு முதலில் தோன்றுவது விலங்கு என்னும் சொல். விலங்குதல் என்றால் விலகுதல், குறுக்கிடுதல். நிமிர்ந்து நில்லாமல் உடல் குறுக்காக அமைந்த உயிரை விலங்கு என்றனர். பிடித்த கையிலிருந்து விலகி ஓடும் மீனை விலாங்கு என்றனர் எனக் கூறினால் கேட்பவர் தலையசைப்பர். இரண்டாவது விளக்கம் வில் என்னும் சொல்லிலிருந்து வருவது. வில்லுக்கு வளைவும் உண்டு, ஒளி என்னும் பொருளும் உண்டு. வில்லைப் போல் வளைந்து ஒளிவிடும் மீன் விலாங்கு என்று சொல்வதும் செவிக்கு இனிமையாகவே இருக்கும்.

இவ்விரண்டும் அழகானவை, ஆனால் ஏற்கத்தக்கவை அல்ல. முதற்காரணம், விலங்கு என்பதில் குறிலாக உள்ள இரண்டாம் எழுத்து, விலாங்கு என்பதில் ஏன் நெடிலாயிற்று என்பதற்கு இவ்விளக்கம் விடை தருவதில்லை. வில் என்பதிலிருந்து விலாங்கு எவ்வாறு அமைந்தது என்பதற்கும் விடை இல்லை. இரண்டாம் காரணம் இதனினும் வலியது. விலாங்கு என்னும் வடிவம் இம்மீனின் பழைய பெயரே அன்று. பிற்காலத்து வடிவத்தை வைத்துக்கொண்டு முற்காலத்துக் காரணத்தைத் தேடுவது, பேரனின் உடையைப் பார்த்துப் பாட்டனின் ஊரைக் கண்டுபிடிக்க முயல்வது போன்றது.

சோழநாட்டு வயலில் ஒரு சான்று

சங்க நூல்களில் நமக்குக் கிடைக்கும் வடிவம் மலங்கு. புறநானூற்றின் 61ஆம் பாடல், சோழன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நலங்கிள்ளி சேட்சென்னியைக் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் பாடியது. அதன் தொடக்கத்தில் ஒரு மருதநிலக் காட்சி விரிகின்றது. உழவர் மகளிர் நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பறிக்கின்றனர். அவர்கள் களை பறிக்கும் அந்த வயலில் மலங்கு என்னும் மீன் பிறழ்ந்து மின்னுகிறது. மலங்கு என்னும் அச்சொல்லுக்கு விலாங்கு என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் இப்பொருளைக் காணலாம். நீர்வளம் மிக்க சோழநாட்டில், கடலிலிருந்து ஆறும் வாய்க்காலும் கடந்து வயலுக்கு ஏறும் மீன் அது என்பதை நினைத்துப் பார்த்தால், புலவர் காட்டிய காட்சி உயிரியல் உண்மையோடும் பொருந்தி நிற்பது தெரியும்.

அங்ஙனமாயின் மலங்கும் விலாங்கும் இருவேறு பெயர்களா, ஒரே பெயரின் இரு வடிவங்களா? இவ்வினாவுக்குத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண இயலாது. உடன்பிறந்த மொழிகளின் துணை வேண்டும். தென்னிந்திய மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் வைட் எல்லிசு எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் அதனை விரிவாக நிறுவினார். 1961இல் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, இக்குடும்பத்து மொழிகளின் இனச்சொற்களை அருகருகே நிறுத்திக் காட்டியது. 1984இல் அதன் திருத்திய பதிப்பு வெளிவந்தது. சொற்களை இவ்வாறு நிரல்பட வைத்துப் பார்ப்பதே நாம் பின்பற்ற வேண்டிய முறை.

மலையாளத்தில் இம்மீனுக்கு மலஞ்ஞில் என்றும் ப்லாஞ்ஞில் என்றும் வடிவங்கள் வழங்குகின்றன. தெலுங்கில் மலுகு என்பர். பாம்பு என்னும் சொல்லையும் சேர்த்து மலுகு பாமு என்று கூறுவதும் உண்டு. மகரத்தில் தொடங்கும் வடிவம் தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு மொழியில் மட்டும் காணும் வடிவத்தைவிடப் பல மொழிகளில் பரவிக் கிடக்கும் வடிவமே பழமையானது என்று கொள்வதற்கு இடம் மிகுதி. பழைய இலக்கியச் சான்றும் அதனையே காட்டுகிறது. ஆகவே மலங்கு முந்தியது, விலாங்கு பிந்தியது.

மலங்கு எவ்வாறு விலாங்காயிற்று?

இம்மாற்றத்தை மூன்று படிகளாக விளக்கலாம். முதற்படியில், சொல்லின் முதல் உயிர் தேய்ந்து, அடுத்த உயிர் நீள்கிறது. மலங்கு என்பது ம்லாங்கு என ஒலிக்கின்றது. இத்தகைய மாற்றம் திராவிட மொழிகளுக்குப் புதிதன்று. தமிழில் மரன், மரம் என வழங்கும் சொல், பழைய தெலுங்கில் ம்ரானு என நின்று, பின் மானு ஆயிற்று. நம் உரல் தெலுங்கில் ரோலு. நம் அவர் தெலுங்கில் வாரு. மூன்றிலும் முதல் உயிர் தேய்ந்தது. எஞ்சிய உயிர் நெடிலாயிற்று. விலங்கு என்னும் விளக்கத்தால் விடை காண முடியாத அந்த நெடிலுக்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் படியில், சொல்முதல் மகரம் உதட்டிலேயே பிறக்கும் வேறோர் ஒலியாகத் திரிகின்றது. மலையாளத்தின் ப்லாஞ்ஞில் என்னும் வடிவம் இதற்குச் சான்று. மகரமும் வகரமும் தமிழில் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவதை மிஞ்சு, விஞ்சு என்னும் இணையாலும் முழுங்கு, விழுங்கு என்னும் இணையாலும் அறியலாம். இவ்வாறு ம்லாங்கு என்பது வ்லாங்கு ஆகின்றது.

மூன்றாம் படி நம் மாணவர்க்கு மிக எளிதாக விளங்கும். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது. அவ்வாறு வரும் அயற்சொற்களைத் தமிழாக்கும்போது இடையே ஓர் உயிரைச் சேர்க்கின்றோம். ப்ரியம் பிரியமானது இவ்வாறுதான். அதே முறையில் வ்லாங்கு என்பதன் மெய்ம்முதலுக்கு இகரம் துணை நிற்க, விலாங்கு என்னும் இன்றைய வடிவம் அமைகின்றது.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு மற்றொரு மீன்பெயர் சாட்சி சொல்கிறது. இன்று நாம் விரால் என்று வழங்கும் மீனைப் பழைய நூல்கள் வரால் என்கின்றன. மலையாளத்தில் வரால் என்பதோடு ப்ரால் என்றும் கூறுவர். மலஞ்ஞில், ப்லாஞ்ஞில் என்னும் இணைக்கும் வரால், ப்ரால் என்னும் இணைக்கும் உள்ள ஒற்றுமையைக் காண்க. வரால் என்பது வ்ரால் எனத் தேய்ந்து, பின் இகரம் பெற்று விரால் ஆனது. இடைப்பட்ட அந்த வ்ரால் என்னும் ஒலிப்பு ஓர் எதிர்பாராத இடத்தில் பதிவாகியிருக்கிறது. பிரெஞ்சு நாட்டு இயற்கை அறிஞர் லாசப்பேது, 1801ஆம் ஆண்டில் இம்மீனுக்குச் சூட்டிய அறிவியற்பெயரில் ஓபிசெபாலஸ் என்னும் இனப்பெயரை அடுத்து வ்ரால் என்னும் நாட்டுப்பெயர் நிற்கின்றது. அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. வேறு பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும், முதல் உயிர் இல்லாத அந்த ஒலிப்பு ஐரோப்பிய எழுத்தில் பதிந்துபோனது நமக்கு வாய்த்த பேறு. விரால் நடந்து வந்த பாதையிலேயே விலாங்கும் நடந்து வந்தது.

மலங்கு என்பதன் பொருள்

இனிப் பொருளுக்கு வருவோம். மலங்குதல் என்னும் வினை தமிழில் உண்டு. நீர் கலங்கிக் குழம்புதலையும் மனம் கலங்குதலையும் அது குறிக்கும். இலக்கிய வழக்கு ஒழிந்துபோன சொல் என்று இதனை எண்ண வேண்டா. திகைத்து நிற்பவனை, "மலங்க மலங்க விழிக்கிறான்" என்று இன்றும் வீடுதோறும் கூறுகின்றோம். கலங்கு, மலங்கு என்னும் இரண்டும் ஓசையாலும் பொருளாலும் நெருங்கியவை.

சேற்றில் புதைந்தும், நெளிந்து நீரைக் கலக்கியும் வாழும் மீனுக்கு இவ்வினையடியாகவே பெயர் அமைந்தது என்று கொள்வது பொருளளவில் பொருந்துகிறது. இலக்கண அளவிலும் தடையில்லை. விலங்கு என்னும் வினையடி எவ்வித விகுதியும் பெறாமல் உயிரினத்தின் பெயராக நிற்பதைப் போல, மலங்கு என்னும் வினையடியும் மீனின் பெயராக நிற்கலாம். முன்பு பிறப்புக்கு உதவாத விலங்கு என்னும் சொல், இங்கே அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டாகப் பயன்படுகிறது.

ஆயினும் இரண்டு முடிவுகளின் வலிமையும் ஒன்றன்று என்பதை மாணவர் உணர வேண்டும். விலாங்கு என்பது மலங்கு என்பதன் திரிபு என்னும் முடிவுக்கு இலக்கியச் சான்று, இனமொழிச் சான்று, வரால் என்னும் இணைச்சொல்லின் சான்று ஆகிய மூன்றும் துணை நிற்கின்றன. மலங்குதல் என்னும் வினையிலிருந்தே மீன்பெயர் பிறந்தது என்பதற்கோ, வடிவமும் பொருளும் பொருந்துகின்றன என்னும் ஒரே சான்றுதான் உண்டு. முன்னது நிறுவப்பட்டது, பின்னது ஏற்கத்தக்கது. ஆராய்ச்சியில் இவ்விரண்டு சொற்களும் ஒரே பொருளன அல்ல.

மாலோங் என்னும் ஈர்ப்பு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு இவ்விடத்தில் ஒரு சோதனை காத்திருக்கிறது. கடல்வாழ் விலாங்கினம் ஒன்றை மலாய் மொழி மாலோங் என்கிறது என்று முன்னே கண்டோம். மலங்கு, மாலோங். கேட்டவுடன், இது தமிழிலிருந்து சென்ற சொல்லே என்று கூற நா துடிக்கும். மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் உண்மையாகவே பல உள்ளன. கடை கெடாய் ஆயிற்று. கப்பல் காப்பல் ஆயிற்று. கட்டில் காத்தில் ஆயிற்று. முதல் மோடல் ஆயிற்று. பெட்டி பெத்தி ஆயிற்று. இத்தனை சொற்கள் சென்றிருக்க, மலங்கும் சென்றிருக்கக் கூடாதா?

அந்தச் சொற்களையே அளவுகோலாகக் கொண்டு இதனை அளந்து பார்க்கலாம். கப்பல் என்பதன் இரண்டாம் அகரம் மலாயிலும் அகரமாகவே நிற்கிறது. முதல் என்பதன் இரண்டாம் அகரமும் அவ்வாறே மோடல் என்பதில் அகரமாக நிற்கிறது. அம்முறைப்படி மலங்கு சென்றிருந்தால் அதன் இரண்டாம் உயிரும் அகரமாகவே இருந்திருக்க வேண்டும். மாலோங் என்பதில் இருப்பதோ ஓகாரம். ஒலி பொருந்தவில்லை.

பொருளையும் நோக்குக. மலங்கு வயலிலும் ஏரியிலும் வாழ்வது, மாலோங் கடல்மீன். மேலும், மேலே கண்ட கடன்சொற்கள் அனைத்தும் வாணிகத்தோடும் மனையோடும் தொடர்புடையவை. கடையும் கப்பலும் முதலும் பெட்டியும் வணிகனோடு வந்து இறங்கும். தம் கடலில் நாள்தோறும் பிடிக்கும் மீனுக்கு மலாய் மீனவர் அயலானிடம் பெயர் கேட்டிருக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே ஓசை ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் உறவாக்குவது முறையன்று.

இவ்வாறு கூறுவதால் தமிழின் பெருமை சிறிதும் குறையாது. கெடாய், காப்பல் முதலிய சொற்கள் தமிழிலிருந்து வந்தவை என்று நாம் உறுதியாகக் கூறும்போது பிறர் அதனை ஏற்க வேண்டுமானால், பொருந்தாதவற்றை நாமே முன்வந்து விலக்கும் நேர்மை நமக்கு வேண்டும். எல்லாச் சொல்லும் எம்முடையது என்று கூறுபவரின் உண்மையான உரிமையையும் உலகம் ஐயுறும்.

திரியாத பெயர்: ஆரல்

மலங்கு காலத்தால் உருமாறியது. அதன் அருகே வாழும் ஆரலோ ஏறத்தாழ அதே பெயரோடு இன்றும் வழங்குகின்றது. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவி, தன்னைக் கூடிய தலைவன் வாக்குப் பிழைத்தால் தனக்குச் சாட்சி யாருமில்லை என்று வருந்துகிறாள். ஆங்கே இருந்தது ஒரு குருகு மட்டுமே. அதுவும் ஓடும் நீரில் ஆரல்மீன் வருகின்றதா என்று பார்த்து நின்றதே ஒழிய, அவர்களைப் பார்த்து நிற்கவில்லை. மணலில் புதைந்து வாழும் இம்மீன் வெளிப்படும் கணத்திற்காகப் பறவை அசையாமல் காத்திருக்க வேண்டும். அந்த இயற்கையை அறிந்தவர்க்கே தலைவியின் துயரத்தின் ஆழம் முழுதும் விளங்கும். அதே நூலின் 114ஆம் பாடலில் பொன்னாகனார், ஆரலை உண்டு வயிறு நிறைந்த நாரையைக் காட்டுகிறார். மீனின் பெயரை வெறுமனே ஒரு வகை மீன் என்று உரைத்து நகர்ந்துவிட்டால் கபிலர் தேர்ந்தெடுத்த சொல்லின் பயன் கெடும்.

ஆரல் என்னும் பெயர் கடல் கடந்தும் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், காவிரிப் படுகையின் கடற்கரையூராகிய தரங்கம்பாடி தேனியர் ஆட்சியில் இருந்தது. அங்கே சமயப் பணியாற்றிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் இயற்கை ஆய்விலும் ஈடுபாடு உடையவர். அவர் அப்பகுதி மீன்களைத் திரட்டிப் பெர்லின் நகரிலிருந்த மார்கஸ் எலியேசர் பிளாக் என்னும் மருத்துவ அறிஞர்க்கு அனுப்பிவந்தார். பிளாக் 1799இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த பெருநூலை ஷ்னைடர் என்பார் செப்பனிட்டு 1801இல் வெளியிட்டார். அந்நூலில் ஒரு மீனுக்கு ஆரல் என்பதே சிற்றினப் பெயராயிற்று. இனப்பெயர் பின்னர் மாறியது; சிற்றினப் பெயர் மாறவில்லை. இன்றும் உலகெங்கும் உள்ள உயிரியலார் அம்மீனை மாக்ரோக்னேத்தஸ் ஆரல் என்றே எழுதுகின்றனர். கபிலர் வழங்கிய பெயர் இவ்வாறு அறிவியல் வழக்கில் நிலைபெற்றது. மாலோங்கைத் தமிழாக்கிப் பெறும் போலிப் பெருமையைவிடச் சான்றோடு நிற்கும் இப்பெருமை மேலானது.

ஆரல் என்பதன் காரணம் யாது? ஆர் என்பதற்குக் கூர்மை என்னும் பொருள் உண்டு. இம்மீனின் முதுகில் முட்கள் உண்டு. இரண்டையும் இணைத்துவிடலாம். மலையாளத்திலும் ஆரல் என்னும் பெயர் வழங்குவதால் பெயரின் பழமைக்குத் துணை கிடைக்கிறது. ஆனால் ஆரல் என்னும் இதே வடிவம் கார்த்திகை விண்மீனையும் மதிலையும் குறிக்கும் என்று அகராதிகள் கூறுகின்றன. முட்களை வைத்து மீனை மட்டும் விளக்குகின்றவர், மற்றவற்றை விட்டுவிடுகின்றார். விலாங்குக்குக் கிடைத்த படிப்படியான சான்றுகளைப் போன்றவை இதற்கு வேண்டும். அதுவரை ஆரலை இடுகுறியாகவே கொள்வதில் இழுக்கில்லை.

விலாங்கின் பிறப்பிடம் கற்பிக்கும் முறை

விலாங்கின் பிறப்பைப் பற்றிய ஆராய்ச்சியே சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கு ஒரு பாடமாக அமைகிறது. முட்டையுள்ள விலாங்கை எவரும் கண்டதில்லை என்பதால், அது சேற்றிலிருந்து தானே தோன்றுகின்றது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். பேரறிஞர் கூறியது என்பதால் அக்கருத்து நெடுங்காலம் மதிக்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டு யோகான்னஸ் ஷ்மிட் என்பார் 1904இல் அட்லாண்டிக் கடலில் ஐரோப்பிய விலாங்கின் இளங்குஞ்சு ஒன்றைக் கண்டார். அதன் பின் கடலெங்கும் வலைவீசி, சிறியதினும் சிறிய குஞ்சுகள் எங்கே கிடைக்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் தேடினார். குஞ்சுகள் சிறுத்துக்கொண்டே சென்ற திசையில் பயணம் செய்து, அவற்றின் பிறப்பிடம் சர்காசோக் கடல் என்று 1922இல் அறிவித்தார்.

சொற்பிறப்பு ஆய்வாளரும் அதனையே செய்ய வேண்டும். இன்று கையில் கிடைத்த வளர்ந்த வடிவத்தைப் பார்த்துக் கதை கட்டலாகாது. பழைய நூலிலும், அண்டை மொழியிலும், மீனவர் பேச்சிலும், அயல்நாட்டார் குறிப்பிலும் அதன் இளைய வடிவங்களைத் தேடி, அவை சுட்டும் திசையில் செல்ல வேண்டும். விலாங்கைப் பார்த்து விலங்கு என்பது, சேற்றைப் பார்த்துப் பிறப்பிடம் என்பதற்கு ஒப்பாகும். மலங்கு வரை செல்வதே வலைவீசித் தேடும் முறை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இன்றைய தமிழில் விலாங்கு என்பதைக் கேட்பவர்க்குக் காரணம் புலப்படாது. ஆகவே வகுப்பறையில் அதனை இடுகுறிப்பெயர் என்பது தவறாகாது. வரலாற்றில் பின்னோக்கிச் சென்றால் அது மலங்கு என்னும் வடிவமாகி, கலங்கிய நீரில் நெளிதலைக் காரணமாகக் காட்டக்கூடிய பெயராகத் தோன்றுகின்றது. காரணம் மறைந்த காரணப்பெயரே இடுகுறியாகத் தோற்றமளிக்கக் கூடும் என்பதை மாணவர் இந்த ஒரு சொல்லால் கற்றுக்கொள்வர்.

ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே நடத்தலாம். மாணவர் சந்தைக்குச் சென்று மீன்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் மூத்தோர் கூறும் தமிழ்ப்பெயர், கடைக்காரர் கூறும் மலாய்ப் பெயர், நூலில் உள்ள பெயர் ஆகியவற்றை எழுதி வரட்டும். மலையாளமோ தெலுங்கோ பேசும் நண்பர் வகுப்பில் இருப்பின் அவர் வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதட்டும். நான்கு நிரல்களில் எழுதிய அந்தப் பட்டியலே ஒப்பாய்வின் முதற்படி. விலாங்கு, ஆரல், பெலுட் என்பவற்றைத் தனித்தனியே எழுதக் கற்ற மாணவர், மீன் என்னும் ஒரு சொல்லால் அனைத்தையும் மூடிவிட மாட்டார்.

பெயர்களைக் கூறும் மூத்தோர் இருக்கும்போதே அவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். புறநானூற்றுப் புலவர் தம் வயலில் கண்ட மீனின் பெயரை அன்று பாட்டில் வைத்தார். அவர் வைக்காமல் விட்டிருந்தால், விலாங்கு என்னும் பெயரின் வரலாற்றில் நாம் இவ்வளவு தொலைவு சென்றிருக்க முடியாது.